ஓர் இருமலும் ஒளித்து வைத்த கத்தியும்

யோகன் மரத்தில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்று அழுதுகொண்டிருந்தான்.

கத்தி தீட்டும் கல் கேட்க நான் அவனிடம் போயிருந்தேன். காலை ஏழு, ஏழரை இருக்கும். விடியற்காலையில் பெய்த மழையின் மிச்சம் ரப்பர் இலைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் நிவித்திகலப் பக்கத்து மழை அப்படித்தான். வானத்தில் நின்ற பிறகும் மரத்துக்குக் கீழே ஒரு மணி நேரம் பெய்யும்.

அவன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. வலது கையில் பால் கத்தி அப்படியே இருந்தது. அப்போதுதான் வெட்டிய பட்டையிலிருந்து பால் தகரத் துண்டைத் தாண்டி வழிந்து, சிரட்டையில் விழாமல் வேரில் விழுந்துகொண்டிருந்தது. எங்கள் தோட்டத்திலேயே சுத்தமாக வெட்டுகிறவன் அவன். ஒரு சொட்டு வீணாக்க மாட்டான். அந்தப் பால் வேரில் ஓடுவதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது, அழுகைச் சத்தத்தைக் கேட்டு அல்ல.

நான் என்ன செய்தேன்? வந்த வழியே பத்தடி பின்னால் போனேன். அங்கே நின்று பெரிதாக இருமினேன். பிறகு சருகை மிதித்து, சீட்டியடித்துக்கொண்டு, அப்போதுதான் வருகிறவனைப் போல வந்தேன்.

யோகன் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துவிட்டுத் திரும்பி நின்றான்.

"கல்லு இருக்கா?"

"இந்தா."

"மழ வரும்போல."

"ம்."

கல்லை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவ்வளவுதான். எனக்கும் அவனுக்கும் இருபது வருடச் சிநேகம். ஒரே லயத்து வரிசை வீடுகளில் பிறந்து, மலைத்தண்ணீர் கொட்டும் ஒரே பீலியில் குளித்து வளர்ந்தவர்கள். அந்த இருபது வருடமும் சேர்ந்து எனக்குக் கொடுத்தது ஓர் இருமலைத்தான்.

வாய் சுளுக்கிக்கொள்ளுமா?

இந்தத் தொடரை எழுத எழுத முதலில் படிப்பவள் என் மனைவி. மேலே உள்ளதைப் படித்துவிட்டு அவள் கேட்டாள்: "என்னா ஏதுன்னு ஒரு வார்த்த கேட்டா வாய் சுளுக்கிக்குமா ஒங்களுக்கு?"

நியாயமான கேள்விதான். பீலிக்கரையில் ஒரு பொம்பளைப் பிள்ளை கண் கலங்கி நின்றால், வாளி நிறைவதற்குள் நாலு பேர் கேட்டுவிடுவார்கள். வாளி வழிவதற்குள் நாலு பேரும் சேர்ந்து அழுதுவிடுவார்கள். அப்புறம் ஒருத்தி ஏதாவது சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டுத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு போவார்கள். சின்ன வயதில் இதைப் பார்த்து நாங்கள் கேலி செய்திருக்கிறோம்.

எங்களுக்கு அந்த வித்தை வரவில்லை. யாரும் சொல்லித்தரவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். அவர்களுக்கு மட்டும் யார் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள்? எனக்கு விளங்கவில்லை. இன்றைக்கும் விளங்கவில்லை என்பதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

வாசனுக்கு நாற்காலி சுமந்தோம்

என் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது.

அதற்கு இரண்டு வருடம் முன்னால், எங்கள் லயத்துத் தொங்கலில், கடைசி வீட்டில், வாசன் என்று ஒருவன் இருந்தான். எங்கள் வயதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களோடு வாலிபால் விளையாடினான். ஜெயித்தான். கித்துள் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பால் விடாத சாயத்தண்ணி குடித்தான். "நாளைக்குப் பாப்போம்டா" என்று கையை ஆட்டிவிட்டுப் போனான். புதன்கிழமை அவன் இல்லை. தானாகவே போய்விட்டான்.

ஏன் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆளாளுக்கு ஒரு கதை சொன்னார்கள்.

நாங்கள் அன்றைக்கு வேலை செய்த வேலை! பந்தல் போட்டோம். கீழே சிங்களக் கிராமத்து மரண உதவிச் சங்கத்திலிருந்து நாற்காலிகளைத் தலையில் வைத்து மலை ஏற்றினோம். குழி வெட்டினோம். வெட்டி முடித்ததும், இன்னும் கொஞ்சம் ஆழம் வேண்டும் என்று ஒருவன் சொல்ல, மறுபடியும் இறங்கி வெட்டினோம். ஒருவனும் அழவில்லை. ஒருவனும் அவன் பெயரைச் சொல்லவில்லை. நாற்காலி சுமந்தே துக்கத்தைக் கழித்தோம்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைந்தது. அந்த இடத்தை யாரும் நிரப்பவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை.

வாசன் அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சிரித்துக்கொண்டிருந்தவனே போய்விட்டான் என்றால், மரத்தில் முட்டி அழுகிறவனை என்ன செய்வது? கையில் கத்தி வேறு இருக்கிறது. கல்லை வாங்கிக்கொண்டு திரும்பி நடந்த எனக்கு இதைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

மூன்று வைத்தியர்கள்

அன்று பின்னேரம் வாலிபால் கோர்ட்டில் இரண்டு பேரிடம் சொன்னேன். ஒருவன் செல்வம். எங்கள் லயம்தான், அவனும் பால் வெட்டுகிறவன். வாய் ஓயாது. இன்னொருவன் சமன். கீழே கிராமத்துச் சிங்களப் பொடியன். எங்களோடு விளையாடி விளையாடியே தமிழ் பழகியவன். கெட்ட வார்த்தைகளை முதலிலும் நல்ல வார்த்தைகளைப் பிறகும் கற்றுக்கொண்டான்.

"அழுதானா? யோகனா?" என்றான் செல்வம். "பொண்ணு விஷயம்டா. வேற என்னா?"

"பவ் மச்சாங்" என்றான் சமன். பாவம் என்பதை அவன் எப்போதும் சிங்களத்தில்தான் சொல்வான். "யாரோ ஹூனியம் செஞ்சிருக்கு. எங்க கபுராலகிட்ட கூட்டிப் போவோம்." செய்வினையையும் அதை எடுக்கிற கோயில் பூசாரியையும்தான் அப்படிச் சொன்னான்.

எனக்கு ஒரு சொந்த யோசனை இருந்தது. யோகனின் அம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் ஆறேழு வருடம். அவன் சின்னம்மா வீட்டில்தான் வளர்ந்தான். அம்மா நினைப்பாக இருக்கும் என்றேன்.

மூன்று பேரும் மூன்று மருந்து சொன்னோம். நோயாளியிடம் கேட்கலாம் என்று மட்டும் ஒருவனுக்கும் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. கேட்டால் அவன் வெட்கப்படுவான் என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். உண்மையில் வெட்கம் எங்களுக்குத்தான். அவன் பதில் சொல்லிவிட்டால் அதை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

கடைசியில் ஒன்றை மட்டும் முடிவு செய்தோம். அவனைத் தனியாக விடக் கூடாது.

காவல்

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது கூத்து.

பால் வெட்டுகிறவனுக்கு என்று தனித்தனியாக மரங்கள் உண்டு. சுமார் முன்னூறு மரம். அதற்குள் போய்விட்டால் பால் எடுக்கும் நேரம் வரை அவன் தனி ஆள்தான். வேலை பிரிக்கிற முத்தையா கங்காணியிடம் செல்வம் என்னவோ பொய் சொல்லி, யோகனின் மரங்களுக்கு அடுத்த பங்கை வாங்கிக்கொண்டான். வெட்டிக்கொண்டே அங்கிருந்து கதை சொன்னான். காலை முழுவதும் சொன்னான். சிரிப்புக் கதை தீர்ந்ததும் பேய்க் கதை, அதுவும் தீர்ந்ததும் பார்த்த படங்களின் கதை.

நான் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் கல் கேட்கப் போனேன். ஒரு கட்டத்தில் யோகன் கல்லை என் கையிலேயே கொடுத்து, "நீயே வச்சுக்கடா" என்றான். அடுத்த தடவை போக எனக்குச் சாக்கு இல்லாமல் போய்விட்டது. அப்புறம் தீப்பெட்டி கேட்டேன். இருவருக்குமே பீடி பழக்கம் கிடையாது.

சமன் பின்னேரங்களில் மோட்டார் சைக்கிளில் வந்து அவனை டவுனுக்கு ஏற்றிக்கொண்டு போனான். கொத்து ரொட்டி வாங்கித் திணித்தான். ஒரு வாரத்தில் நாலு கொத்து. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் எல்லாப் பந்தையும் யோகனுக்கே தூக்கிக் கொடுத்தோம். எதிர்ப்பக்கம் நின்றவர்களிடமும் சொல்லி வைத்திருந்தோம். அவன் அடித்தது எல்லாம் புள்ளி. ஆட்டம் முடிந்ததும் யோகன் எங்களை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

"என்னாடா நடக்குது?"

"ஒண்ணுமில்லயே."

அந்த வாரத்தில் அவன் முகம் இன்னும் கறுத்ததே ஒழிய வெளுக்கவில்லை. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. எங்கள் பயமும் அதோடு கூடவே வளர்ந்தது.

கத்தி

கத்தியை எடுக்கலாம் என்றது யார் என்று இன்றைக்கு மூன்று பேரும் மற்றவனைக் கைகாட்டுகிறோம். எடுத்தவன் நான். பின்னேரம் யோகன் குளிக்கப் போயிருந்தபோது, அவன் வீட்டு இஸ்தோப்புத் திண்ணையில் வாளிக்குள் கிடந்த கத்தியை எடுத்து வந்து எங்கள் கூரைத் தகரத்துக்கு அடியில் சொருகினேன். பெரிய உயிரைக் காப்பாற்றிவிட்டதாக எனக்கு நினைப்பு.

வெளியாட்களுக்கு இது சாதாரணமாகத் தெரியும். பால் வெட்டுகிறவனின் கத்தி அப்படியல்ல. அது அவன் கைக்குத் தேய்ந்து வந்த கத்தி. வேறு ஒருவன் கத்தியை வாங்கி வெட்டினால் பட்டை ஆழமாகப் போய் மரம் காயப்படும். அதனால் யாரும் யாருக்கும் கொடுப்பதில்லை. கத்தி இல்லாதவனுக்கு அன்றைக்கு வெட்டும் இல்லை.

மறுநாள் காலை பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கும் அந்தக் களத்தில், யோகன் வெறுங்கையோடு நின்றான்.

"எங்கடா கத்தி?" என்றார் முத்தையா கங்காணி.

"காணோங்க. தேடிட்டேன்."

"பால் வெட்டுறவனுக்குக் கத்தி காணோமா? பொண்டாட்டிய மறந்துட்டு வந்தேன்னு சொல்லுவ போல."

எல்லாரும் சிரித்தார்கள். யோகன் தரையைப் பார்த்தான். அதைப் பொறுக்காமல் செல்வம் நல்லது செய்யப் போனான். கங்காணியின் காதருகே குனிந்து, "கோவிக்காதீங்க கங்காணி. அவனுக்கு மனசு சரியில்ல. கொஞ்ச நாளைக்குக் கத்தி வேணாம்" என்று குசுகுசுத்தான்.

கங்காணி மூன்று மலைக்குக் கேட்கும் குரலில் வேலை வாங்கிப் பழகியவர். அவருக்குக் குசுகுசுக்கத் தெரியாது.

"மனசு சரியில்லயா? யாருக்கு, யோகனுக்கா? கத்தி குடுக்கக் கூடாத அளவுக்கா?"

பெரட்டுக் களத்தில் நின்ற அறுபது எழுபது பேர் திரும்பிப் பார்த்தார்கள். சின்னம்மாவும் அங்கேதான் நின்றார்.

அன்றைக்கு யோகனை ஒட்டுப்பால் பொறுக்க அனுப்பினார்கள். மரத்திலும் சிரட்டையிலும் காய்ந்து ஒட்டியிருப்பதை உரித்துச் சாக்கில் போடும் வேலை. கையாலாகாத வயதில் கொடுப்பது. தோட்டத்தின் முதல்தரமான வெட்டுக்காரன் சாக்கைத் தூக்கிக்கொண்டு போனதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். கத்தி என் கூரையில் இருந்தது. 

மத்தியானத்துக்குள் லயம் முழுவதும் செய்தி. சின்னம்மா வீட்டு அரிவாள்மனையை ஒளித்தார். கொடிக்கயிற்றை அவிழ்த்தார். குவைத்துக்கு டெலிபோன் எடுத்து அம்மாவிடம் சொல்லி, அந்த அம்மா அங்கே கதறி, அடுத்த பிளேனில் வருகிறேன் என்று அழுது, இவர் வேண்டாம் என்று அழுது. பிள்ளைகள் யோகனைக் கண்டால் கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தார்கள்.

பகிடி

அன்று பின்னேரம் யோகன் நேராகக் கோர்ட்டுக்கு வந்தான். நாங்கள் மூன்று பேரும் வலை கட்டிக்கொண்டிருந்தோம்.

"கத்திய எடுத்தது யாரு?"

நான் வலையின் முடிச்சை இறுக்கினேன்.

"நான் செத்துருவேன்னு நெனச்சீங்களா?"

ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை. ஆமாம்டா, வாசன் போன மாதிரி நீயும் போயிருவியோன்னு பயந்துட்டோம், எங்களுக்கு வேற ஒண்ணும் தெரியலடா. இதை நான் எத்தனை தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன்! ஆட்டோவைத் தனியாக ஓட்டிக்கொண்டு வரும்போது வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

சமன் மட்டும் வாயைத் திறந்தான். "பய மச்சாங்... எங்களுக்கு..." என்று சிங்களத்தில் பயத்தைச் சொல்ல வந்தான். அதற்குள் செல்வம் குறுக்கே விழுந்தான்.

"சே, அப்படியெல்லாம் இல்லடா! சும்மா வெளையாட்டா, பகிடிக்கு ஒளிச்சோம்."

"பகிடிக்கா?"

"பகிடிக்குத்தான்" என்று நானும் சொன்னேன். சொன்னது நான்தான். அதை எழுதாமல் விட்டால் இந்த அத்தியாயமே பொய்.

யோகன் செல்வத்தையோ சமனையோ பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"எனக்கு என்னான்னு எனக்கே தெரியலடா" என்றான். "காலையில மரத்துக்குள்ள போனா வருது. அங்கன நின்னு அழுதுட்டு வந்தா அன்னிக்குப் பூரா நல்லா இருப்பேன். அதுக்கு ஒரு எடம் இருந்துச்சு. அதையும் நீங்க புடுங்கிட்டீங்க."

சொல்லும்போதே குரல் உடைந்து, எங்கள் முன்னாலேயே அழ ஆரம்பித்தான். பட்டப்பகலில், கோர்ட்டுக்கு நடுவில், கையைத் தொங்கவிட்டுக்கொண்டு.

சமன் பந்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தான். செல்வம் மலையைப் பார்த்தான். நான் ஏற்கனவே கட்டியிருந்த வலையின் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன். எங்களுக்கும் அவனுக்கும் நாலடி தூரம். மூன்று ஆண்பிள்ளைகளில் ஒருவனாலும் அந்த நாலடியை நடக்க முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவன் போய்விட்டான். மறுநாள் விடியும்போது அவன் வாளிக்குள் கத்தியைப் போட்டுவிட்டு வந்தேன். அவன் அதைத் தொடவில்லை. அடுத்த வாரம் கொழும்புக்கு, ஒரு ஹார்ட்வெயார் கடை வேலைக்குப் போய்விட்டான். அவன் மரங்களைச் செல்வத்துக்குக் கொடுத்தார்கள். செல்வம் அங்கே கதை சொன்னதாகத் தெரியவில்லை.

சாப்பிட்டியா?

இது நடந்து பத்துப் பதினொரு வருடம் இருக்கும். யோகன் தீபாவளிக்கு வருவான், திருவிழாவுக்கு வருவான். சிரித்துப் பேசுவான். டெலிபோனில் நான் கேட்பேன், "சாப்பிட்டியா?" அவன் கேட்பான், "அங்க மழயா?" இந்த இரண்டு கேள்விகளை வைத்தே பத்து வருடம் ஓட்டிவிட்டோம். கத்தியைப் பற்றி ஒரு பேச்சில்லை.

அவன் நன்றாக இருக்கிறான் என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்கு அவன் உண்மையிலேயே ஆபத்தில் இருந்தானா, இல்லை நாங்கள்தான் ஆபத்தை உண்டாக்கினோமா? தெரியாது. சும்மா விட்டிருந்தால், வாசனைச் சும்மா விட்டது மாதிரி ஆகியிருக்குமோ? அதுவும் தெரியாது. யோசித்து யோசித்து மண்டை காய்ந்ததுதான் மிச்சம்.

போன வருடம் எங்களுக்கு முதல் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. மூன்று நாள் இருந்தான்.

வீட்டுக்குள் என் மனைவியைச் சுற்றிப் பெண்கள். ஒருத்தி அவள் தலையை மடியில் வைத்திருந்தாள், ஒருத்தி காலைப் பிடித்திருந்தாள். சேர்ந்து அழுதார்கள். வெளியே நாற்காலியில் நான். ஆண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஒவ்வொருவரும் வளைவில் நின்று ஒரு தடவை இருமிவிட்டுத்தான் வந்தார்கள். வந்து ரோட்டைப் பற்றிப் பேசினார்கள். செல்வம் பந்தல் கட்டினான், நாற்காலிகளை அடுக்கினான், அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினான். சமன் பாண் ரொட்டியும் வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பவ் மச்சாங்" என்று சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தான். எல்லாரிடமும் நான் நன்றாகத்தான் பேசினேன். செல்வம் சொன்ன எதற்கோ சிரித்ததாகக்கூட ஞாபகம். நெஞ்சுக்குள் ஒரு கல் நின்றது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

பிள்ளை போன மூன்றாம் நாள், காலை முதல் பஸ்ஸில் யோகன் வந்து இறங்கினான். பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"வா" என்றான்.

"எங்கடா?"

"வாடா."

ரப்பர் மலைக்கு நடந்தோம். அவனுடைய பழைய மரங்கள். பட்டையெல்லாம் தழும்பு. அன்றைக்கு வெட்டு இல்லாததால் ஓர் ஆள் கிடையாது. ரோட்டோரத்திலேயே யோகன் நின்றுவிட்டான்.

"நீ உள்ள போ. நான் இங்கன நிக்கிறேன். யாரும் வர மாட்டாங்க."

சொல்லிவிட்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டான்.

உள்ளே போனேன். முதலில் ஒன்றும் வரவில்லை. அட்டை ஏறுகிறதா என்று காலைப் பார்த்தேன். காய்ந்த சிரட்டை ஒன்றை நிமிர்த்தி வைத்தேன். பிறகு ஒரு மரத்தில் நெற்றியை வைத்தேன். பட்டை சில்லென்று இருந்தது. என் பிள்ளையின் கால் விரல்கள் ஞாபகம் வந்தன. அப்போது உடைந்தது. எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. வாசனுக்காகவும் சேர்த்து அழுதேன் என்று நினைக்கிறேன்.

ரொம்ப நேரம் கழித்து ரோட்டுப் பக்கமிருந்து ஓர் இருமல் கேட்டது. பெரிய இருமல். சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். சருகை மிதித்துக்கொண்டு யோகன் வந்தான். என் முகத்தைப் பார்க்காமல் பக்கத்து மரத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டான்:

"கல்லு இருக்கா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருடமாக அவனுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. நான் பின்னால் நடந்த பத்தடியும் தெரிந்திருக்கிறது. அவன் என்னை மன்னித்துவிட்டானா, குத்திக்காட்டுகிறானா, நன்றி சொல்கிறானா என்று எனக்குப் பிடிபடவில்லை. அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்தது.

"இல்லடா" என்றேன்.

"மழ வரும்போல" என்றான் யோகன்.

"ம்."

தோளில் கை போடவில்லை. பக்கத்தில் பக்கத்தில் இறங்கி நடந்தோம். ரோட்டுக்கு வந்ததும் அண்ணாந்து பார்த்தேன். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.